பால் வாளியில் தண்ணீர்

அந்தப் புளித்த வாடை... காய்ந்த ரப்பர் பால் ஒட்டிய வாளி, மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கு அது அம்மாவின் வாடை.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். எனக்கு ஏழு வயது இருக்கும். தொண்ணூறைத் தாண்டிய நான் சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்!

விடியும் முன்னே பெரட்டு. எல்லோரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். பாலுக்கு மரம் வெட்ட இருட்டோடு போகிற வழியில்தான் பெண்கள் செடிமறைவில் ஒதுங்க வேண்டும். கையில் செம்போடு போனால் ஆண்கள் பார்ப்பார்களே... அதனால் பால் வாளியிலேயே கொஞ்சம் தண்ணீர் மொண்டுகொள்வார்கள்.

ஒருநாள் கிராணி அம்மாவின் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, பால்ல கலந்து எடை காட்டவா தண்ணி? இனிமே உனக்கு இங்க வேலை கெடையாது."

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அப்பாவோ காய்ச்சலில் கிடந்தார். ஆனாலும் அத்தனை ஆண்கள் முன்னால் அம்மா என்னவென்று சொல்வாள்? அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அழுதுவிட்டேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காதான் முன்னால் வந்தார்.

"எங்க வாளியையும் பாருங்கய்யா. எல்லாத்துலயும் தண்ணிதான். பாலுக்கு இல்ல, ஒதுங்கப் போறதுக்கு."

பெண்கள் ஒவ்வொருவராக வாளியை நீட்டினார்கள். கிராணி வாளிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அதான் கக்கூசு கட்டிக் குடுத்திருக்கே?"

"கதவு பெரட்டுக் களத்தப் பாத்துல்ல இருக்கு! உங்க வீட்டம்மா போவாங்களா அதுல?" என்றார் அஞ்சலை அக்கா.

ஓர் ஆண்கூடச் சிரிக்கவில்லை. கிராணி அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு, வேலைக்குப் போகச் சொன்னார்.

சில நாளில் தச்சர் வந்து கக்கூசுக் கதவைப் பின்பக்கம் மாற்றினார். அதன் முன்னால் மறைப்புக்கு அத்தாப்பு ஓலைத் தட்டியும் வைத்தார். எங்களுக்கு அது தீபாவளிதான், போங்கள்!

இப்போது நாங்கள் இருக்கும் செந்தூல் வீட்டில் மூன்று பாத்ரூம். பேத்திகள் எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலும் கையுமாகத்தான் போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அம்மா வெயிலில் வேலை செய்தாலும் பொழுது சாயும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்கமாட்டாள். பகலில் ஒதுங்க இடமில்லையே... கதவு மாற்றிய அன்று நடுமத்தியானம் வீட்டுக்கு வந்தவள், ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னொரு செம்பு குடும்மா" என்றாள்.