சதுர்த்திக்கு ஒரு முழுநிலவு

"ஹீட்டர்" முன்னே ஈரக் கம்பளி உலரும்போது எழும் புழுங்கல் நெடிதான், அயல்நாட்டில், சான்ட்ரிங்ஹாம் பகுதி வாடகை வீட்டில் கழிந்த என் ஒன்பதாம் அகவைக் குளிர்காலத்தை இன்றும் என்முன் நிறுத்துகிறது. அவ்வறைச் சுவரில், அப்பாவுடன் பணிபுரிந்த ஒருவர் அளித்த சப்பானிய மரச்செதுக்கு அச்சோவியம் ஒன்று தொங்கியது: கருநீல வானம், ஏரி, ஒரு படகு, மேலே முழுநிலவு.

என் தம்பி காய்ச்சலுடன் மருத்துவமனையில் கிடந்தான். அவன் பிழைக்க வேண்டுமென்று அம்மா சங்கடஹர சதுர்த்தி நோன்பிருந்தார். நிலவைக் காணாமல் "பச்சத்தண்ணிகூட" பருகலாகாது என்பது அவர் கொண்ட நெறி. மழைமுகிலோ அன்று முழுதும் விலகவேயில்லை. இரவில் மருத்துவமனையிலிருந்து திரும்பி, நாற்காலியில் துவண்டு சாய்ந்த அவர்முன் அப்பா அவ்வோவியத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பிடித்தார்.

"இதப் பாத்துட்டுச் சாப்பிடு."

"இது பௌர்ணமி நிலாங்க. இன்னிக்குத் தேய்பிறைல்ல?"

"நிலா தேயறது இருக்கட்டும் அக்கா, நீங்க தேஞ்சுறாதீங்க!" என்றார், என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அடுத்த வீட்டுப் பிஜித் தமிழ்ப் பெண்மணி. அம்மா சிரித்துவிட்டார், ஓவியத்தைக் கும்பிட்டுக் கஞ்சி குடித்தார்.

மறுநாள் தம்பி இறந்தான்.

அப்பா ஓவியத்தை அலமாரிக்குள் வைத்தார். "அத ஏன் எடுத்தீங்க? அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டு, அம்மா அதை மீண்டும் மாட்டினார். அடுத்த சதுர்த்தியன்று வானம் துலக்கமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே நிலவு எழுந்து நிற்க, அவர் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, ஓவியத்தைக் கும்பிட்டு உண்டார். பின்னர் ஒவ்வொரு மாதமும் அவ்வாறே. வானத்து நிலவை ஒருமுறை ஏறிட்டிருந்தாலும், தம்பிக்காக அன்று கும்பிட்டது நிலவன்று, நோன்பு முறிந்துவிட்டது என ஒப்புக்கொண்டதாகியிருக்கும் என்பது எனக்கு நெடுநாள் கழித்தே விளங்கியது.

இன்று பெற்றோர் இருவரும் இல்லை. அதே நகரின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் என் வீட்டில் அவ்வோவியம் இருக்கிறது. அதைச் செய்தவர் நிலவுக்கு மை இடவில்லை. சுற்றிலும் வானத்தை அச்சிட்டு, வட்டத்தை வெறுந்தாளாகவே விட்டிருந்தார். ஆண்டுக்கணக்கில் வெயில்பட்டு வானத்தின் நீலம் முற்றும் வெளுத்துப்போயிற்று. பாட்டி எதைக் கும்பிட்டார் என்று என் மகள் கேட்டபோது, அத்தாளில் எந்த இடத்தைக் காட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.