கண்ணில் வைத்த வெள்ளைப் புள்ளி

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன்; சின்ன ர, பெரிய ற இன்னும் தடுமாறும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது சேலத்தில் ஓர் ஓவியருக்குப் படச்சட்டம் செய்து கொடுக்கும் தச்சனாக இருந்தேன். ஊர் ஊராய் நிலம் வைத்திருந்த மிட்டாதார்களும் வக்கீல் வீட்டு அம்மாக்களும் அவரிடம் படம் எழுதிக்கொள்வதைப் பெருமையாக நினைத்த காலம். பட்டைத் தூரிகையால் வீசி வீசி எழுதுவார். கிட்டே போனால் வண்ணத்தை அப்பி வைத்த மாதிரி தெரியும். ஆறடி தள்ளி நின்றால் பட்டுச்சேலை சரசரக்கும். கடைசியில் இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். அதோடு முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

எனக்குச் சிறுவயதில் அம்மை கண்டு இடக் கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது. யாரிடமும் தரையைப் பார்த்துத்தான் பேசுவேன். மேச்சேரிப் பக்கம் பெண் பார்க்க வரச் சொல்லி இரண்டு முறை ஆள் வந்தும் நான் போகவில்லை.

ஒருநாள் சேந்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக்கு, அந்த வீட்டு மருமகளின் படத்தைக் கொண்டுபோனேன். மாமியார் மூக்கு இடிக்கும்படி நெருங்கிப் பார்த்தார்.

"ஏப்பா, எங்க புள்ளைக்கு ரெண்டு கண்ணுலயும் பூ உழுந்திருக்குதே. உன்ற கண்ணப் பாத்து எழுதுனாராக்கும்?"

படத்தை ஏற்றி வந்த வண்டிக்காரர் சிரித்தார். படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

நடந்ததைச் சொன்னபோது ஓவியர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி, "உட்கார்" என்றார்.

"பக்கவாட்டுல எழுதுங்க சாமி. இந்தக் கண்ணு வேண்டாங்க."

நேராகத்தான் உட்கார வைத்தார். மத்தியானத்துக்குள் முடிந்தது. வலக் கண்ணில் மட்டும் வழக்கமான புள்ளியை வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனார்.

"இன்னொண்ணுங்க?"

"அங்கே நான் வைக்க வேண்டியதில்லை. உன்னிடமே இருந்தது. இருந்ததை எழுதிவிட்டேன்."

ஆறடி தள்ளி நின்றேன். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் என்னைப் பார்த்தன. என் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் மருமகள் படத்தை மறுபடியும் சேந்தமங்கலத்துக்கு எடுத்துப்போனேன். "ஆறடி தள்ளி நின்னு பாருங்கம்மா" என்று மாமியாரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். நின்று பார்த்தார். "பேசறாப்புல இருக்குது. மாட்டிட்டுப் போ" என்றார்.

அந்த வாரமே மேச்சேரிக்குப் போய்த் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்தான் என் மனைவி. என் படத்தை முதலில் கண்ட அன்று கிட்டே போனவள், அப்படியே பின்னால் நகர்ந்து கதவில் முதுகை இடித்துக்கொண்டு, "இங்கிருந்து பாத்தாத்தான் நீங்களாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

ஓவியர் பிறகு மதராசுக்குப் போய்விட்டார். கூச்சத்தில் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

விய வருஷம், தை மாதம், எட்டாந் தேதி.