வலது கைக்கு முட்டுக்கொடுத்த இடது கை

ஆண்டவருடைய பிள்ளைகளே, எனக்கு எழுத்து தெரியாது. கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல நம் போதகர் வீட்டம்மா எழுதுகிறார்கள். நடுவில் வேறு பேச்சுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனே, "அம்மாவுக்குப் போன் போட்டா சார்ஜ் தீர்ந்துரும்" என்பான்.

மூணு வருடத்துக்கு முன்னால், உலை வைத்துக்கொண்டிருந்தபோது என் வலது பக்கம் அப்படியே கழன்று விழுந்தது. பக்கவாதம். கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கம்பு ஊன்றி இழுத்து நடக்கிறேன். கை வரவில்லை. பீடி சுற்றிப் பிழைத்த கை அது. இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். இப்போது ஒரு இலையைக்கூடப் பிடிக்காது.

மகன் திருப்பூரில் ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். "கவர்மெண்டு உதவித்தொகை வந்தா சரி, வராட்டி வீட்டப் பூட்டிட்டு இங்கன வந்துரும்மா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலகரத்தில் இருக்கிற அந்த ஓட்டு வீட்டை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

உதவித்தொகைக்கு டாக்டர் பார்த்து ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். "நாப்பதுக்குக் கொறைஞ்சா ஒண்ணும் கிடையாதுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுச் செய்யதம்மா. அவளும் பீடிக்காரிதான். அஞ்சு வேளை தொழுகிறவள். எனக்காகவும் துவா செய்கிறவள்.

எல்லாரும் பயந்தது நாற்பதுக்கு. நான் பயந்தது வேறொன்றுக்கு. அதை இன்றைக்குத்தான் உங்கள் முன்னால் சொல்கிறேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடத்து அசனப் பண்டிகை ஞாபகம் இருக்கிறதா? கோயில் திடலில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோமே. அன்றைக்குச் சோறு லேசாகக் குழைந்துவிட்டது, கத்தரிக்காய்க் கூட்டு மட்டும் அமிர்தம். அதை விடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து, "கர்த்தர் என் கைய சொகமாக்கிட்டாரு" என்று வலது கையைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினீர்கள். அந்தக் கை தானாக எழும்பவில்லை, பிள்ளைகளே. முந்தானைக்குள் இடது கையை விட்டு, முழங்கையில் முட்டுக்கொடுத்துத் தூக்கினேன். எனக்காக எத்தனை பேர் உபவாசம் இருந்தீர்கள்! 'இன்னும் ஆகலை' என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு யார் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்பதே வாயில் ஒட்டிக்கொண்டது.

இப்போது போய் டாக்டரிடம் கை வராது என்று சொன்னால், கோயிலில் சொன்னது பொய். வரும் என்று சொன்னால் வீடு போச்சு.

போன வருடம் ஆடி மாதம், தென்காசியில் அந்தச் சதவீதம் எழுதுகிற முகாம். குற்றாலத்தில் அருவி நன்றாக விழுந்த சமயம். பஸ் நிறைய ஈரத்தலையும் எண்ணெய் வாடையும். சாரல் ஜன்னல் வழியாக அடித்தது. எனக்கோ வேர்த்து ஊற்றியது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவரை அவர் தம்பி முதுகில் தூக்கிக்கொண்டு நின்றார். தூக்கி வந்தவர் என் பக்கம் திரும்பி, "நடிக்கிறவங்கள டாக்டர் பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவாவளாம், போலீஸ்ல சொல்லிருவாவளாம்" என்றார். எனக்கு இன்னொரு பயமும் வந்தது, சிரிக்காதீர்கள். இத்தனை பேர் ஜெபித்திருக்கிறார்களே, கர்த்தர் சரியாக இந்த நேரம் பார்த்துச் சுகமாக்கிவிட்டால்? "ஆண்டவரே, இன்னைக்கு ஒருநா மட்டும் சொகமாக்கிராதீரும்" என்று ஜெபித்தேன். அப்படி ஜெபித்ததற்கு இடி விழுமோ என்று அதற்கும் பயந்தேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். துணைக்கு வந்த செய்யதம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா. என் பேத்தி வயதுதான் இருக்கும்.

"எப்படி இருக்கீங்க பாட்டி?"

"ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன் தாயி."

வாசலில் செய்யதம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நடக்க முடியுதா?"

"கர்த்தர் நடத்துதாரு தாயி."

"வலது கையத் தூக்குங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் நினைத்துச் செய்யவில்லை. இடது கை தானாக முந்தானைக்குள் போயிற்று, முட்டுக்கொடுத்தது. வலது கை தோள் வரைக்கும் எழும்பியது.

"பரவால்லையே, நல்லா வருதே" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்கள்.

அந்தப் பேனா தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. என்ன எழுதுகிறார்கள் என்று வாசிக்கவா தெரியும் எனக்கு? வீட்டு வாசல், கோயில் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் கல்லறை, எல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. அப்போது நான் பணம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. "ஆண்டவரே, என் வாயத் தொறந்துவிடும்" என்று அது ஒன்றுதான் கேட்டேன்.

திறந்தார்.

"தாயி, எழுதாதீங்க! தூக்குனது அந்தக் கை இல்ல. இந்தக் கை." முந்தானையை விலக்கிக் காட்டினேன். "கோயில்லயும் இப்படித்தான் ஏமாத்துனேன். போலீஸக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். திட்டவில்லை. எழுந்து வந்து என் இடது கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார்கள். "இப்ப தூக்குங்க பாட்டி."

வலது கை பந்தலில் தொங்குகிற புடலங்காய் மாதிரித் தொங்கியது. நான் அழுதேன். ரெண்டு வருடத்தில் முதல் தடவையாக, இன்னொருவர் பார்க்க அந்தக் கையைச் சும்மா விட்டேன். அப்புறம் விரல், முட்டி, நடை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்து, முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்கள்.

பயம் அன்றோடு தீரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கம்பை ஊன்றி வாசலுக்குப் போய்விடுவேன். ஒருநாள் சதவீதம் போட்ட அட்டை வந்தது. செய்யதம்மா வாங்கிப் பார்த்துக் கத்தினாள்.

"யக்கா, அறுபது!"

"அறுபதுன்னா பாஸாட்டி?"

"பாஸுதான். ஒண்ணும் முடியாதவளுக்குத்தான் இதுல பாஸு!"

ரெண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். அவள் அல்லாவுக்கு நன்றி சொன்னாள், நான் இயேசப்பாவுக்குச் சொன்னேன். பிறகு உதவித்தொகை ஆர்டரும் வந்தது. மகனுக்குப் போன் போட்டு, "வீட்டப் பூட்டலடே" என்றேன். இன்றைக்கும் அந்த வாசலில்தான் விளக்குமாற்றை இடது கையில் பிடித்துக் கூட்டுகிறேன். கோடு கோணலாக விழும். விழட்டும்.

பிள்ளைகளே, என் கையைச் சுகமாக்கச் சொல்லி நீங்கள் கேட்டீர்கள். அவர் முதலில் என் வாயைச் சுகமாக்கினார். உங்களுக்கும் ஏதாவது வரவில்லை என்றால் அவரிடம் முட்டுக்கொடுத்துக் காட்டாதீர்கள். தொங்குகிறதைத் தொங்குகிறபடியே காட்டுங்கள். அவர் திட்ட மாட்டார்.

இனிமேல் என்னைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எனக்கு இப்போது பதில் தெரியும்.

"வலது கை வராது. ஸ்தோத்திரம்."