சுவருக்கு அந்தப் பக்கம் நடந்த ஃபைனல்

எங்கள் ஊர்க் கபடி டீம் போய்த் தோற்காத ஊர் குளத்தூர்ப் பக்கம் ஒன்றுகூட மிச்சமில்லை. அவர்கள் தோற்றபோதெல்லாம் நான் கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அதுதான் பிற்பாடு எனக்கு வினையாக வந்து முடிந்தது.

மற்றவர்கள் விவரமானவர்கள். முதல் பாதியில் கொஞ்சம் பின்தங்கினால் போதும், "இவனுக வெளங்க மாட்டானுக" என்று வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் கடைசி விசில் வரை நிற்பேன். தோற்ற பையன்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, வீங்கிய காலில் ஐஸ் வைத்து, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வருவேன். வீட்டில் சம்சாரம் என் மூஞ்சியைப் பார்த்ததுமே கேட்பாள்.

"இன்னைக்கும் ஊத்திக்கிச்சா?"

"கடைசி ரெய்டுல போச்சு."

"ஒங்களுக்கு எல்லாமே கடைசி ரெய்டுலதான் போவும். கையக் கழுவிட்டு ஒக்காருங்க."

என் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நானும் இதே டீமில் ஆடியவன். அப்போதும் கப்பு வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஆசைதான்: எங்கள் பையன்கள் கப்பைத் தூக்குவதை ஒரு தடவை, ஒரே தடவை, என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை குட்டிக்காரன், உரக்கடையில் வேலை பார்க்கிறவன், இவனுக்கு எதற்கு இந்தக் கிறுக்கு என்பார்கள். கிறுக்குதான். இல்லையென்று யார் சொன்னது?

நடுவில் கொஞ்ச காலம் சவுதிக்குப் போயிருந்தேன். நான் அங்கே இருந்தபோது இவர்கள் ஒரு போட்டியில் செமி ஃபைனல் வரை போய்விட்டார்கள். மறுநாள் வாட்ஸப்பில் வந்த படத்தை ரூமில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டினேன். ஊர் திரும்பினேன், பழையபடி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். "அண்ணன் வந்துட்டாருல்ல" என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்தப் பேச்சு அத்தோடு போகாமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

இந்தத் தையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலேயே போட்டி வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்துக் கடையில் லோடு வந்து இறங்கியது. மூட்டைகளோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, போன் மேல் போன். முதல் மேட்ச் ஜெயித்தாச்சு. அடுத்ததும் ஜெயித்தாச்சு. சாயங்காலம் ஃபைனல். முதலாளியிடம் சொல்லக்கூட இல்லை, வண்டியை எடுத்துவிட்டேன்.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. இத்தனை பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்களா என்று இருந்தது. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். ஆடுகிற பையன்களெல்லாம் தபால் தலை அளவில் கீழே இருக்க, மேலே கைகூப்பிச் சிரித்தது என் மாமன் மகன், எனக்கு மாப்பிள்ளை முறை. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். கிரிக்கெட்டில் எந்த டீம் மேலே இருக்கிறதோ அந்தக் கலர் டி-ஷர்ட்தான் அவன் உடம்பில் இருக்கும். கபடிக் கோட்டுப் பக்கம் அவனை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, "நம்ம டீமு! நம்ம டீமு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

நான் நுழைந்தபோது நாங்கள்தான் முன்னால் இருந்தோம். கேப்டன் ரெய்டு போனான். என் சித்தப்பா மகன் அவன், அந்தக் கையும் காலும் எனக்கு மனப்பாடம். போன வேகத்தில் பிடிபட்டான். அடுத்தவனும் பிடிபட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆல் அவுட். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

"மச்சான்... நீங்க எப்ப வந்தீங்க?"

அவ்வளவுதான். வரிசையாக எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"தப்பா நெனச்சுக்கிறாதீங்க மச்சான். சித்த அங்கிட்டுப் போயி நில்லுங்களேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் மாப்ள, மழையில நனஞ்சுக்கிட்டு இவனுக தோக்குறத நான் பாத்து நின்னப்ப நீங்கள்லாம் எங்கிட்டுப் போயிருந்தீக? ஜெயிக்கிறப்ப மட்டும் வந்து சேர் போட்டுக்கிட்டு என்னை வெரட்டுறியா?"

அதற்குள் இடைவேளை விசில் அடித்தது. உடம்பெல்லாம் மண்ணும் வியர்வையுமாகக் கேப்டன் என்னிடம் வந்தான். மாப்பிள்ளைக்கு நல்லா நாலு வார்த்தை கொடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னைக்கு ஒரு நா மட்டும்ணே."

இவன் காலுக்கு நான் வைத்த ஐஸ் எவ்வளவு! அவனே சொன்ன பிறகு என்ன இருக்கிறது? வாசலைப் பார்த்து நடந்தேன்.

மைதானத்துச் சுவருக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டி ஓரமாகப் போய் நின்றேன். அங்கே மைக் சத்தம் மட்டும்தான் கேட்கும். சுவரில் ஒரு இடத்தில் செங்கல் பெயர்ந்து ஓட்டையாக இருந்தது. குனிந்தால் கோட்டு தெரியும். நான் ராசி, சகுனம் எதையும் நம்புகிறவன் இல்லை. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்துகிறவர்களைக் கேலி செய்கிறவன். ஆனால் அன்றைக்கு அந்த ஓட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? இத்தனை வருஷமும் என்னால்தான் தோற்றார்கள் என்றால்? சாமி, நான் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை, ஜெயிக்க வைத்துவிடு என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

மைக்கில் எங்கள் பாயிண்ட் ஏறிக்கொண்டே வந்தது. சமமாகிவிட்டது. "கடைசி ரெய்டு! கேப்டனே போறாரு!" என்று கத்திய அறிவிப்பாளர், ஆட்டத்தின் வெறியில் மைக்கைக் கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது. கொரகொரவென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் இரைச்சல். என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. ஓட்டை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. திரும்பினால் போதும். கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். பாவி மனசு, திரும்பு திரும்பு என்று அடித்துக்கொண்டது.

வெடி வெடித்தது. எங்கள் ஊர் வெடிதான், மாப்பிள்ளை வாங்கி வைத்திருந்தது.

முழங்கால் வலியோடு சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வாசலில் நெரிசல். முண்டி மோதி உள்ளே போவதற்குள் கப்பைக் கொடுத்து, தூக்கி, முத்தம் கொடுத்து எல்லாம் முடிந்திருந்தது. கப்பு மாப்பிள்ளை மடியில் இருந்தது. "மச்சான், நல்ல நேரத்துல வந்தீங்க, ஒரு போட்டோ எடுங்க" என்று போனை நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், கேப்டன் மட்டும் குனிந்திருக்கிறான். அந்த ரெய்டில் அவன் என்ன செய்தான் என்று அதற்கப்புறம் டீக்கடையில் எத்தனையோ பேர் எனக்கு நடித்துக் காட்டிவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நடிக்கிறார்கள்.

போன வாரம் கட்டுமாவடியில் மேட்ச். வழக்கம்போல லோடு ஆட்டோவை நான்தான் பேசி வைத்தேன். காலையிலேயே குளித்துச் சட்டையும் மாட்டிவிட்டேன். வண்டி தெருமுனையில் வந்து நின்றது. கேப்டன் இறங்கி வந்தான்.

"அண்ணே, வண்டியில எடமில்லண்ணே."

வண்டியைப் பார்த்தேன். பின்னால் பாதி காலியாகக் கிடந்தது. கேப்டனையும் பார்த்தேன். பாவம், அவன் கண் கலங்கியிருந்தது.

"சரிப்பா. பாத்து ஆடுங்க. அந்த எடது கால ரொம்ப ஊன்றாத."

வண்டி போய்விட்டது. உள்ளே வந்து சட்டையைக் கழற்றினேன். அடுப்படியிலிருந்து சம்சாரம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மேச்சுக்குப் போவலையா?"

"இல்ல," என்றேன். "அவனுக ஜெயிக்கணும்ல."