கேப்பு விடாத வீட்டுப் பெண்

என் சித்தி மகள் சங்கமித்ராவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும். திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி வருவதற்குள் பிளாட்பாரம் முழுக்க நடந்து தீர்த்துவிடுவாள். இப்படிப்பட்டவள், விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன், அரசு உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றபோது எங்கள் தெரு நம்பவில்லை. நானும் நம்பவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுகிறவள் ஆயிற்றே.

அவள் அப்பா டில்லிபாபு, என் சித்தப்பா, கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குப் போகிற எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வரிசையில் முன்னால் நிற்கிற வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு சைக்கிள் நுழைகிற இடம்கூட விடக்கூடாது. விட்டால் பக்கத்திலிருந்து இன்னொரு டிரெய்லர் மூக்கை நீட்டிவிடும். அதன் பின்னால் அவன் தோஸ்து, அவனுக்குப் பின்னால் தண்ணி லாரி. "கேப்பு வுட்டா பூந்துடுவான்" என்று சித்தப்பா தூக்கத்தில்கூடச் சொல்வார். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் சங்கமித்ரா அந்த கேபினில்தான் இருந்தாள். ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

பயிற்சிப் பள்ளி தெற்கே ஒரு சின்ன ஊரில். சொல்லிக்கொடுத்த அனிஷா மார்த்தாண்டத்துக்காரி, இவளைவிடச் சில வயதுதான் மூத்தவள். ஆரம்பத்தில் தான் பட்ட பாட்டைச் சங்கமித்ராவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தரையில் ஓடும்போது விமானத்தைக் காலால்தான் திருப்ப வேண்டுமாம். கையில் இருப்பது ஸ்டியரிங் மாதிரி இருக்குமே தவிர, தரையில் அதை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் திரும்பாது. டிரெய்லர்க்காரர் மகளுக்கு அது எப்படி மண்டையில் ஏறும்? வளைவு வந்தால் கை தானாக வளைத்துவிடும், விமானம் பாட்டுக்கு நேராகப் புல்லை நோக்கிப் போகும். "கையை மடியில வை சங்கமித்ரா, கையை மடியில வை" என்று அனிஷா கத்தாத நாள் கிடையாது.

இருந்தும் ஒரு காலையில் அனிஷா பெல்ட்டைக் கழற்றி இறங்கிக்கொண்டு, "நீயே போய்ட்டு வா" என்றாள். ஓடுதளத்தைச் சுற்றி ஒரு நீள்சதுரம் பறந்து வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஆள் எடை குறைந்ததால் விமானம் நினைத்ததைவிடச் சீக்கிரம் எழும்பியதாம். பக்கத்து சீட்டு காலியாக இருப்பதைப் பார்த்ததும் வாய்விட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறாள். "ஏய், இன்னா பாக்குற? முன்னாடி பாரு. ஸ்பீடு பாரு. ஒயுங்கா ஓட்டு." இறங்கும் வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டே வந்தாளாம். அன்று சித்தி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

வினை அடுத்த வாரம் வந்தது. அன்றும் தனியாகத்தான் பறந்தாள். முன்னால் வேறொரு மாணவனின் விமானம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நிறைய இடம் விட வேண்டும் என்பது பாடம். இவளுக்கோ அந்த வெற்றிடத்தைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் அரித்தது. சீக்கிரமே திரும்பி, அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு இறங்க வந்துவிட்டாள். அவன் இறங்கி இன்னும் ஓடுதளத்தை விட்டு வெளியேறவில்லை. "கோ அரௌண்ட்" என்று ரேடியோவில் அனிஷாவின் குரல் வந்தது. இறங்காதே, மேலே ஏறி இன்னொரு சுற்று வா என்று அர்த்தம். இவள் கேட்டாள், ஆனால் கை அசையவில்லை. இவ்வளவு தூரம் வந்து பிடித்த இடத்தை விடுவதா? இரண்டாவது முறை அனிஷா அலறியபிறகுதான் மேலே தூக்கினாள்.

இறங்கி வந்ததும் அனிஷா திட்டவில்லை. அதுதான் இவளைக் கொன்றது. "பறக்க உனக்கு வருது. ஆனா ஒட்டிட்டுப் போற, சொன்னாலும் விட மாட்டேங்கற. மழை முடிஞ்சு வா, இன்னொரு தடவை பார்ப்போம். மறுபடி இதே நடந்தா என்னால உன்னை வச்சிருக்க முடியாது" என்றாள்.

வடகிழக்குப் பருவமழையில் ஓடுதளம் மூடப்பட்டது. சங்கமித்ரா வீட்டுக்கு வந்தாள். என்னிடம் மட்டும்தான் விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் லீவு என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருப்பாள். இப்படி உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டிப் பழகுவது விமானிகள் வழக்கமாம். எதிர் வீட்டுக் குப்பம்மாவுக்கு அது தெரியுமா? "அன்பு, புள்ளைக்குக் காத்து கருப்பு எதுனா அண்டிக்கிச்சான்னு பாரு" என்று சித்தி அன்புக்கரசியிடம் கிசுகிசுத்துவிட்டுப் போனாள். சித்தியும் பயந்து போய், "கூட ஏத்திகினு போ, கொஞ்சம் காத்தாட வரட்டும்" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

காத்தாட! எண்ணூர் ரோட்டில்!

அன்று மழை விட்டு ரோடு முழுக்கச் சேறு. சாத்தாங்காட்டுப் பக்கமிருந்து இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வரிசைக்குள் நுழையப் பார்த்தது. சித்தப்பா கிளட்சை லேசாக விட்டு, முன்வண்டியின் பின்பக்கத்தை முத்தமிடுகிற மாதிரி ஒட்டி நிறுத்தினார். அதே நொடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள் காலும் காலியான தரையை மிதித்தது. இவள் தன் காலையே பார்த்தாள்.

"நைனா, கேப்பு வுடு."

"இன்னாத்துக்கு?"

"வுடு நைனா, சொல்றேன்ல. அவன் போனா போறான்."

"அவன் போனா அப்பால நூறு பேர் போவான். நீ கம்முனு கெட."

"இந்தப் பயக்கம்தான் என்னை மேல சாவடிக்கப் பாத்துச்சு!" என்று கத்திவிட்டாள். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பாவுக்கு ஓடுதளமும் புரியவில்லை, ரேடியோவும் புரியவில்லை. தன்னிடமிருந்து போன ஒன்று மகளை அடிக்கப் பார்த்தது என்பது மட்டும் புரிந்தது. வரிசை நகர்ந்தபோது வண்டியை நகர்த்தாமல் அப்படியே நின்றார். கம்பி லாரி நுழைந்தது. அதைத் தொட்டுக்கொண்டு இரண்டு டிரெய்லர், ஒரு மீன் வண்டி, ஒரு ஷேர் ஆட்டோ. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு அவருடைய அம்மாவையும் பாட்டியையும் இழுத்தார்கள். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் வேர்வை. மகளுக்காக எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் தாங்கினார். அப்புறம், "இங்க ஆவாதும்மா" என்று கியரைப் போட்டார்.

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அந்த ரோடு அப்படி. நியாயம் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்த கேபினில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மழை நின்றதும் சங்கமித்ரா திரும்பிப் போனாள். முதலில் அனிஷாவோடு சேர்ந்து பறந்தாள், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி தனியாக. அன்று நாங்கள் எல்லாரும் சித்தப்பா வீட்டில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சித்தி ஆக்கிய குழம்பை யாரும் தொடவில்லை. சித்தப்பா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். மகளுக்கு அந்த நடை எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

போன் வந்ததும் சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். சங்கமித்ராவுக்கு மூச்சு வாங்கியது. சொன்னதையே முன்னும் பின்னுமாகச் சொன்னாள். முன்னால் போன விமானத்துக்குப் போதுமான இடம் விட்டுத்தான் வந்திருக்கிறாள். ஆனால் அவன் இறங்கிய பிறகு திரும்ப வேண்டிய வழியைத் தவறவிட்டு ஓடுதளத்திலேயே நின்றுவிட்டான். இவள் இறங்கி வந்துகொண்டிருக்கிறாள். ரேடியோவில் சத்தம் இல்லை. கீழே அனிஷா பேசும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, இவளே செய்கிறாளா என்று காத்துக்கொண்டிருந்தாளாம்.

"நானே மேல தூக்கிட்டேன் நைனா. மேடம் சொல்றதுக்கு முன்னாடியே. இன்னொரு ரவுண்டு வந்துதான் எறங்கினேன். அடுத்த வாரமும் தனியா போவச் சொல்லிட்டாங்க!"

சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தப்பா மட்டும் இன்னும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"எறங்க வந்தவ எடத்த வுட்டுட்டியே, அந்த கேப்புல எவனாவது பூந்துட்டானா?"

"யாரும் பூரல நைனா. மேல எடம் நெறைய கீது. சுத்தி எங்க பாத்தாலும் எடம்தான். நான் பாட்டுக்குப் போய்கினே இருந்தேன், யாரும் ஒண்ணும் சொல்லல."

சித்தப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, "இன்னொரு தபா சொல்லு" என்றார்.