நிச்சயத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

1. தம்பிக்கு ஏன் வலிப்பு வருகிறது என்று தெரிந்தது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் அவனிடம் பழுது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று.

2. என்னையும் சோதித்தார்கள். ஒரு பிரதி மட்டும் பழுது. அதனால் எனக்கு வலிப்பு கிடையாது.

3. பாளையம்பட்டியில் உரக்கடை வைத்திருக்கும் தாய்மாமா, தன் மகனுக்கு என்னைக் கேட்டுத் திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

4. முதலில் அத்தானுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும் என்றேன்.

அப்பாவும் அம்மாவும்கூட அத்தை மகனும் மாமன் மகளும்தான். எங்கள் பக்கம் முறைப்பையன் இருக்கும்போது வெளியே கொடுத்தால்தான் காரணம் கேட்பார்கள்.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் புழுக்களோடு வேலை. வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிபவை. தம்பியிடம் பழுதான மரபணு அவற்றிலும் உண்டு. இரண்டு பிரதியும் பழுதான புழு, வலிப்பு வந்ததுபோல் தலையை வெட்டி வெட்டி இழுக்கும். ஒன்று மட்டும் பழுதானால் மற்றவை போலவே நெளிந்து போகும். ஆனால் அது தானே கருவுறும் புழு. முட்டைப் பக்கமும் விந்துப் பக்கமும் அதே ஒற்றைப் பழுது. அதன் குஞ்சுகளில் ஏறக்குறைய நாலில் ஒன்று துடிக்கும். அம்மாவிடம் உள்ள பழுது மாமா வழியாக அத்தானிடமும் இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கும் அதே கணக்குதான்.

வீட்டுக்கு வந்திருந்த மாமாவிடம், புழுக்கள் துடிக்கும் வீடியோவை என் போனில் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"வயக்காட்டுல இல்லாத புழுவா மருமகளே? கடையிலருந்து ஒரு டப்பா மருந்து அனுப்புறேன், அடிச்சு விடு" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏத்தா, எம் மகனப் புழுவோட சேத்தா பேசுற?"

"படிக்க வச்சதுக்கு எங்க அண்ணன் ரத்தத்தையே சந்தேகப்படுறியாடி?" என்றாள் அம்மா.

மறுநாள் நான் மதுரை விடுதிக்குத் திரும்பியதும் அத்தான் போன் செய்தார்.

"டெஸ்ட்டுல இருக்குன்னு வந்துட்டா எனக்கு வேற யாரு பொண்ணு குடுப்பாக?"

"யாருக்கும் சொல்ல வேணாம் அத்தான். நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

"ஒனக்கு நான் வேணுமா, ரிசல்ட்டு வேணுமா?"

"ரெண்டும்."

போன் துண்டிக்கப்பட்டது. விடுதித் தோழி வருத்தமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அன்று புழுக்களைப் புதுத் தட்டுகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினேன்.

அத்தான் ரத்தம் கொடுக்கவில்லை. நிச்சயம் நின்றுவிட்டது. மாமா வீட்டுக்கு வருவதில்லை. அம்மா தம்பியின் மாத்திரையை வாங்கி அனுப்பச் சொல்ல மட்டும் என்னைப் போனில் கூப்பிடுகிறாள். அத்தானிடம் அந்தப் பழுது இருக்கிறதா, இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.