ஹசீனா போட்ட ஆரஞ்சுக் கோடு

இன்ஜினை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததால் போன் அடித்தது காதில் விழவில்லை. பிறகு நானே அழைத்தேன். ஹசீனாவின் அத்தா எடுத்தார். "ஹசீனா மவுத்தாயிட்டாப்பா. சாயங்காலம் அசர் தொழுகைக்கப்புறம் அடக்கம். கூட படிச்சவங்களுக்குச் சொல்லிடு" என்றார். சிறுநீரகம் பழுதாகி மாதக்கணக்கில் படுத்திருந்தவள்தான். இருந்தாலும் மனம் ஏற்கவில்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி போய்ச் சேரும்வரை யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

ஆவடியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பந்தய பைக் மெக்கானிக் ஆகப்போவதாக முதல் நாளே சொன்னாள். வகுப்பே சிரித்தது. படிப்பு முடிந்து நாங்கள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியபோது, அவள் டிரங்க் ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தாள். "ரோட்டு வண்டியவே ஓட்ட வைக்கத் தெரியலன்னா ரேஸ் வண்டிய இன்னா பண்ணுவ?" என்பாள். விடுமுறை நாட்களில் பந்தயத் தடத்துக்குப் போய், சம்பளமில்லாமல் டயர் உருட்டினாள். அப்படித்தான் ஒரு அணி அவளைச் சேர்த்துக்கொண்டது. என்னை அங்கே இழுத்து வந்ததும் அவள்தான்.

வந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை வண்டி துடைப்பது. முணுமுணுத்தேன். "தொடைக்கிறதுன்னா கேவலமா? தொடைக்கச் சொல்லதான்டா விரிசல் கண்ல படும்" என்றாள். நான் துடைத்து முடித்த இடத்திலேயே ஒரு விரிசலைக் காட்டவும் செய்தாள். கிண்டல் செய்யாமல் விட்டாளா என்றால் அதுதான் இல்லை. வாரம் முழுக்க என்னைக் "கண்ணாயிரம்" என்றே கூப்பிட்டாள்.

நட்டை முறுக்கியதும் அதன்மேல் போல்ட்டோடு சேர்த்து ஒரு கோடு இழுப்பது எங்கள் வழக்கம். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்கள் பெயின்ட் பேனாவால் இழுப்போம். அவள் மட்டும் ஆரஞ்சு நகப்பூச்சால் இழுப்பாள். தன் நகத்தில் அவள் அதைப் பூசி நான் பார்த்ததில்லை.

ஒரு பந்தயத்தில் வண்டிகள் வரிசையில் நின்றிருந்தபோது, பின்சக்கர நட்டில் கோடு இல்லாததைக் கவனித்தாள். உடனே கையைத் தூக்கி வண்டியை வெளியே எடுக்கச் சொன்னாள். எங்கள் வீரன் பிரவீன் வாய்க்கு வந்தபடி கத்தினான். சோதித்தால் நட்டு சரியாகத்தான் இருந்தது. அதற்குள் பந்தயம் தொடங்கிவிட்டது.

"டைட்டா தானேம்மா இருந்துச்சு?" என்றார் அணி முதலாளி.

"இருந்துச்சு சார். ஆனா நான் முறுக்குனனானு எனக்குத் தெரியல. தெரியலன்னா முறுக்கலன்னுதான் அர்த்தம்."

அடுத்த பந்தயத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. அவள் பழைய சர்வீஸ் சென்டருக்கே திரும்பினாள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பொய். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் என்னிடம் அழுதாள். "இனிமே கூப்டவே மாட்டாங்களாடா?" என்று கேட்டாள். கூப்பிடுவார்கள் என்றேன். கடைசிவரை கூப்பிடவில்லை.

அடக்கத்துக்குப் பிரவீன் வந்திருந்தான். கப்ரஸ்தான் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றான். "அவங்க கோடு போட்ட வண்டில ஏறச்சொல்ல நான் குனிஞ்சு பார்த்ததே இல்லண்ணா. இப்ப ஒவ்வொரு வாட்டியும் பார்க்கறேன்" என்றான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றவில்லை.

அவளை அறிந்தவர்கள் ஆளுக்கொரு நினைவு வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது, அன்று முதலாளியிடம் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். நேற்று பந்தயத்துக்குக் கொண்டுபோக வண்டியை லாரியில் ஏற்றும்போது, முன்சக்கர நட்டை முறுக்கினேனா என்று சந்தேகம் வந்தது. நேரமாகிறது என்று முதலாளி குரல் கொடுத்தார். வண்டியை இறக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. தளர்த்திவிட்டு, மறுபடி முறுக்கிக் கோடு போட்டேன்.